பேரூராட்சித் தெருவிளக்குகளை எல்இடிக்கு மாற்றுவது எப்படி: கணக்கெடுப்பு முதல் பராமரிப்பு வரை

தமிழ்நாட்டின் பேரூராட்சிகளிலும் சிறு நகராட்சிகளிலும் குடிநீர் மோட்டாருக்கு அடுத்தபடியாக மின்கட்டணத்தை விழுங்குவது பெரும்பாலும் தெருவிளக்குதான். பழைய டியூப்லைட்டையும் சோடியம் வேப்பர் விளக்கையும் கழற்றிவிட்டு எல்இடி பொருத்தினால் மின்செலவு பாதிக்கும் கீழே இறங்கும் என்பது இன்று எல்லா மன்ற உறுப்பினர்களுக்கும் தெரிந்த செய்தி. 2015ஆம் ஆண்டு ஜனவரி 5 அன்று தொடங்கப்பட்ட தேசியத் தெருவிளக்குத் திட்டத்தின் கீழ், மத்திய மின் அமைச்சகத்தைச் சார்ந்த ஈஇஎஸ்எல் நிறுவனம் நாடு முழுவதும் 1.3 கோடிக்கும் மேற்பட்ட எல்இடி தெருவிளக்குகளைப் பொருத்தியிருக்கிறது. ஹுட்ஹுட் புயல் 2014 அக்டோபரில் விசாகப்பட்டினத்தைச் சூறையாடிய பிறகு, அந்த நகரில் 90,000க்கும் மேற்பட்ட விளக்குகள் எல்இடியாக மாற்றப்பட்டதே இத்திட்டத்துக்கு முன்னோடியாக அமைந்தது.

எனவே தொழில்நுட்பம் பலிக்குமா என்ற கேள்வி இனி இல்லை. ஆயினும் விளக்கு மாற்றிய ஆறாம் மாதத்தில் "பழைய விளக்கே பரவாயில்லை" என்று மக்கள் சொல்வதும், எதிர்பார்த்த அளவுக்குக் கட்டணம் குறையவில்லை என்று தணிக்கையாளர் குறிப்பு எழுதுவதும் பல ஊர்களில் நடக்கிறது. இரண்டுக்கும் காரணம் ஒன்றே. வாட்டைப் பார்த்து விளக்கு வாங்கினார்களே தவிர, சாலையில் விழும் வெளிச்சத்தையும் மீட்டரில் ஓடும் யூனிட்டையும் மாற்றுவதற்கு முன்பும் பின்பும் யாரும் அளக்கவில்லை. ஏறத்தாழ ஆயிரம் விளக்குகள் கொண்ட ஒரு பேரூராட்சியை மனத்தில் வைத்து இவ்வழிகாட்டி எழுதப்பட்டுள்ளது. பெரிய ஊர்களுக்கு எண்கள் மாறும், முறை மாறாது.

முதல் படி: பகலில் ஒரு கணக்கெடுப்பு, இரவில் ஒரு கணக்கெடுப்பு

அலுவலகப் பதிவேட்டில் உள்ள விளக்குகளின் எண்ணிக்கையை அப்படியே நம்பி மதிப்பீடு தயாரிப்பதுதான் பிற்காலத் தகராறுகளுக்கெல்லாம் விதை. வயர்மேனையும் ஒரு கணினி இயக்குநரையும் தெருத்தெருவாக அனுப்பி, ஒவ்வொரு கம்பத்துக்கும் எண் இட்டு, அந்த எண்ணைப் பெயிண்டால் கம்பத்திலேயே எழுத வேண்டும். சாலையின் அகலம், விளக்கு இருக்கும் உயரம், கம்பத்திலிருந்து விளக்கைத் தாங்கி நிற்கும் கையின் நீளம், அடுத்த கம்பத்துக்கு உள்ள தூரம், இப்போதுள்ள விளக்கின் வகையும் வாட்டும், எந்த மின் இணைப்பு எண்ணில் அது ஓடுகிறது, மரக்கிளை மறைக்கிறதா என்பவற்றைக் கம்ப எண்ணுக்கு நேராகப் பதிய வேண்டும். வேம்பும் புங்கையும் அடர்ந்த தெருக்களில் பாதி வெளிச்சத்தை இலைகளே குடித்துவிடும். அங்கே புதிய விளக்கை விடக் கிளை வெட்டும் கூலிதான் மலிவான தீர்வு.

இரவுக் கணக்கெடுப்பில் பார்க்க வேண்டியது ஒன்றே: எத்தனை விளக்கு உண்மையில் எரிகிறது? இந்த எண்ணைக் குறித்துக்கொள்ளாமல் போடப்படும் சேமிப்புக் கணக்கு எதுவும் பின்னால் நிற்காது. அதன் காரணத்தை மூன்றாம் படியில் காணலாம்.

அதே சுற்றில் ஒவ்வொரு ஸ்விட்ச் பெட்டியையும் திறந்து பார்க்க வேண்டும். பல பெட்டிகளுக்குள் டைமர் செத்துப்போய், அதன் இரு முனைகளையும் ஒரு துண்டு வயரால் நேரடியாக இணைத்து வைத்திருப்பார்கள். ஃபியூஸ் கம்பி இருக்க வேண்டிய இடத்தில் நாலைந்து இழை செம்புக் கம்பியை முறுக்கிச் செருகியிருப்பார்கள். பகல் பதினொரு மணிக்கும் அந்தத் தெருவில் விளக்கு எரிவதன் இரகசியம் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கும். கிளாம்ப் மீட்டரை மாட்டி ஒவ்வொரு இணைப்பிலும் ஓடும் மின்னோட்டத்தை அளந்து, கணக்கெடுப்பில் கண்ட விளக்குகளின் மொத்த வாட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தால் இன்னொரு செய்தியும் வெளிவரும். அளவு கூடுதலாக இருந்தால், தெருவிளக்கு லைனிலிருந்து யாரோ கொக்கி போட்டிருக்கிறார்கள் என்று பொருள். எல்இடி மாற்றுவதற்கு முன்பே இவற்றைக் களைந்துவிட வேண்டும். இல்லையென்றால் அந்த இழப்பும் புதிய திட்டத்தின் தலையில் விழும்.

இரண்டாம் படி: சாலைகளை வகைப்படுத்தி வெளிச்சத்தை அளத்தல்

எந்தச் சாலைக்கு எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்பதற்கு இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 1944 வழிகாட்டுகிறது. சாலைப் பரப்பில் விழும் வெளிச்சத்தின் அளவே லக்ஸ். வேகமான, நெரிசலான முதன்மைச் சாலைகளுக்குச் சராசரி 30 லக்ஸ், அதற்கு அடுத்த நிலை முதன்மைச் சாலைகளுக்கு 15 லக்ஸ், போக்குவரத்து மிகுந்த உட்சாலைகளுக்கு 8 லக்ஸ், போக்குவரத்து குறைந்த குடியிருப்புத் தெருக்களுக்கு 4 லக்ஸ் என்பது அதன் வகைப்பாடு. பேரூராட்சியின் பெரும்பாலான தெருக்கள் கடைசி வகையிலும், பேருந்து நிலையச் சாலையும் கடைவீதியும் அதற்கு மேற்பட்ட வகைகளிலும் வரும்.

சராசரியோடு நின்றுவிடக் கூடாது. ஒரே சாலையில் மிக மங்கலான இடத்தின் அளவைச் சராசரியால் வகுத்தால் கிடைக்கும் விகிதம் முதன்மைச் சாலைகளில் 0.4க்கும், உட்சாலைகளில் 0.3க்கும் குறையக் கூடாது. கம்பத்தடியில் பளீரென்றும் நடுவில் கும்மிருட்டாகவும் இருக்கும் தெருவில் கண் அந்த வெளிச்சத்துக்குப் பழகிவிடுவதால், இருட்டில் கிடக்கும் பள்ளமும் படுத்திருக்கும் மாடும் தெரியாமல் போகின்றன. என் கருத்தில், சிற்றூர்களில் எல்இடி குறித்து எழும் புகார்களில் பெரும்பகுதி வெளிச்சக் குறைவைப் பற்றியது அல்ல, இந்தச் சமச்சீரின்மையைப் பற்றியதே.

அளக்கும் முறை எளிது. நிலவில்லாத இரவில், அடுத்தடுத்த இரண்டு கம்பங்களுக்கு இடைப்பட்ட தூரத்தைப் பத்தாகப் பிரித்து, சாலையின் இரு ஓரங்களிலும் நடுவிலுமாக மூன்று வரிசையில் லக்ஸ் மீட்டரைத் தரையில் வைத்து முப்பது புள்ளிகளில் அளவெடுக்க வேண்டும். ஒவ்வொரு வகைச் சாலையிலும் சில மாதிரி இடங்களில் இதைச் செய்து, இடத்தைக் கம்ப எண்ணோடு குறித்து வைத்தால், விளக்கு மாற்றிய பிறகு அதே இடத்தில் மறுபடியும் அளந்து ஒப்பிடலாம்.

மூன்றாம் படி: சேமிப்புக் கணக்கும் அதில் ஒளிந்திருக்கும் பிழையும்

எடுத்துக்காட்டாக, ஆயிரம் விளக்குகளில் 750 பழைய 40 வாட் டியூப்லைட்டுகள், 200 விளக்குகள் 150 வாட் சோடியம், 50 விளக்குகள் 250 வாட் சோடியம் என்று வைத்துக்கொள்வோம். விளக்கின் மேல் எழுதியிருக்கும் வாட்டோடு சோக் தின்னும் மின்சாரத்தையும் சேர்க்க வேண்டும். செம்புச் சுருள் சோக்குடன் 40 வாட் டியூப் ஏறத்தாழ 52 வாட்டும், 150 வாட் சோடியம் 170 வாட்டும், 250 வாட் சோடியம் 280 வாட்டும் இழுக்கும். மொத்தச் சுமை 87 கிலோவாட். இவற்றுக்குப் பதிலாக முறையே 24, 70, 120 வாட் எல்இடி பொருத்தினால் சுமை 38 கிலோவாட்டாகக் குறைகிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 4,200 மணி நேரம் எரிவதாகக் கொண்டால், குறையும் 49 கிலோவாட்டுக்கு 2,05,800 யூனிட் மிச்சம். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று கணக்குக்காக வைத்தால் ஆண்டுக்குச் சுமார் 16.5 லட்சம் ரூபாய். எல்லாச் செலவும் சேர்த்து 45 லட்சம் ஆனால் மூன்று ஆண்டுக்குள் முதலீடு திரும்பிவிடும் என்று தீர்மானத்தில் எழுதிவிடத் தோன்றும்.

ஆனால் இரவுக் கணக்கெடுப்பில் 15 விழுக்காடு விளக்குகள் எரியாமல் கிடந்தன என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் பேரூராட்சி இதுவரை கட்டணம் செலுத்தியது 87 கிலோவாட்டுக்கு அல்ல, 74 கிலோவாட்டுக்குத்தான். புதிய விளக்குகள் அனைத்தும் எரியும்போது கட்டணப் பட்டியலில் தெரியும் குறைவு 36 கிலோவாட்டுக்கு உரியது மட்டுமே. அதாவது ஆண்டுக்குச் சுமார் 12 லட்சம் ரூபாய். முதலீடு திரும்ப மூன்றே முக்கால் ஆண்டு ஆகும். இதில் ஏமாற்று எதுவுமில்லை, இருண்டு கிடந்த 150 தெருமுனைகளுக்கு வெளிச்சம் வந்திருக்கிறது. அந்த வெளிச்சத்தின் செலவைத் தொடக்கத்திலேயே தனியாகக் காட்டாவிட்டால், முதலீடு செய்துவிட்டுச் சேமிப்பில் பங்கு கேட்கும் நிறுவனத்துக்கும் மன்றத்துக்கும் இடையே சண்டை மூளும்.

கடந்த இரண்டு ஆண்டு மின்கட்டணப் பட்டியல்களை இணைப்பு எண் வாரியாகத் தொகுத்து வைப்பதும் இந்தக் கட்டத்தின் வேலையே. மாற்றம் முடிந்த பிறகு சுமை குறைந்துவிடுவதால், அனுமதிக்கப்பட்ட மின்சுமையைக் குறைக்கக் கோரி மின் பகிர்மானக் கழகத்துக்கு விண்ணப்பிக்க மறக்கக் கூடாது. சுமையைப் பொறுத்து நிலைக்கட்டணம் விதிக்கப்படும் இணைப்புகளில், விண்ணப்பிக்காதவரை பழைய சுமைக்கே பணம் போய்க்கொண்டிருக்கும்.

நான்காம் படி: எத்தனை வாட் என்பதை வெளிச்சத்திலிருந்து முடிவு செய்தல்

"40 வாட் டியூப்புக்கு 20 வாட் எல்இடி" என்பது வாய்பாடு போல எல்லோர் வாயிலும் இருக்கிறது. அது எல்லாத் தெருவுக்கும் பொருந்துமா என்பதை ஒரு சிறு கணக்கால் சோதிக்கலாம். விளக்கு தரும் மொத்த ஒளியின் அளவான லூமனை, அதில் சாலையில் விழும் பங்கு, தூசியாலும் வயதாலும் குறைந்த பின் எஞ்சும் பங்கு ஆகிய இரண்டாலும் பெருக்கி, கம்ப இடைவெளியையும் சாலை அகலத்தையும் பெருக்கிய பரப்பால் வகுத்தால் சராசரி லக்ஸ் கிடைக்கும். 30 மீட்டர் இடைவெளி, 6 மீட்டர் அகலம், பங்குகள் 0.4, 0.7 என்று கொள்வோம். வாட்டுக்கு 110 லூமன் தரும் 20 வாட் விளக்கு 2,200 லூமன் தருகிறது, விடை 3.4 லக்ஸ், அதாவது தேவையான 4 லக்ஸுக்குக் கீழே. அதே 20 வாட்டில் வாட்டுக்கு 130 லூமன் தரும் விளக்கென்றால் 4 லக்ஸை மயிரிழையில் எட்டுகிறது. 3,000 லூமன் தரும் 24 வாட் விளக்கென்றால் 4.7 லக்ஸ். ஆகவே ஒப்பந்தப்புள்ளியில் எழுத வேண்டியது வாட் அல்ல. "குறைந்தது இத்தனை லூமன், அதிகபட்சம் இத்தனை வாட்" என்பதே.

கம்பத்தின் இடைவெளி நம் கையில் இல்லை என்பதுதான் உண்மையான சிக்கல். தமிழ்நாட்டின் சிற்றூர்களில் தெருவிளக்குகள் பெரும்பாலும் மின்வாரியக் கம்பங்களில் தொங்குகின்றன. அவை கம்பி இழுப்பதற்காக நடப்பட்டவையே ஒழிய வெளிச்சத்துக்காக அல்ல. விளக்கின் உயரத்தைப் போல மூன்று முதல் நான்கு மடங்கு தூரம்வரை கம்பங்கள் இருந்தால் வெளிச்சம் ஒன்றையொன்று தொடும். ஆறு மீட்டர் உயரத்தில் விளக்கும் 40 மீட்டர் இடைவெளியில் கம்பமும் உள்ள தெருவில் வாட்டைக் கூட்டினால் கம்பத்தடிதான் இன்னும் பளிச்சிடும். அங்கே சாலையின் நீளவாக்கில் ஒளியைப் பரப்பும் பேட்விங் லென்ஸ் கொண்ட விளக்கைத் தேர்ந்தெடுப்பது, கையை நீட்டுவது, முடியாத இடத்தில் இடையே ஒரு கம்பம் நடுவது ஆகியவையே வழிகள். ஒப்பந்ததாரரிடம் ஒவ்வொரு சாலை வகைக்கும் கணினி மென்பொருளில் செய்த ஒளி வடிவமைப்பை நமது கம்ப அளவுகளோடு கேட்டு வாங்க வேண்டும்.

ஒளியின் நிறம் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஒளியின் நிறத்தைக் கெல்வின் எண்ணால் குறிப்பார்கள்; எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம் கலந்த வெள்ளை. சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளி ஏறத்தாழ 2,000 கெல்வின். நம் ஒப்பந்தப்புள்ளிகளில் வழக்கமாக இடம்பெறும் வெள்ளை எல்இடி 5,700 கெல்வினை ஒட்டியது. அதிக கெல்வின் விளக்கு வாட்டுக்குச் சற்றுக் கூடுதல் லூமன் தருவதால் விற்பவர்கள் அதையே முன்வைப்பார்கள். ஆனால் அதில் நீல ஒளி மிகுதி. கண் கூச்சமும் கூடுதல். அமெரிக்க மருத்துவச் சங்கம் 2016இல் தெருவிளக்குகளுக்கு 3,000 கெல்வினுக்கு மேற்படாத ஒளியைப் பரிந்துரைத்தது. வீட்டுச் சன்னலுக்கு நேராக விளக்கு தொங்கும் நம் குறுகிய தெருக்களில் 3,000 முதல் 4,000 கெல்வினுக்குள் நிற்பதே சரி என்பது என் முடிவு. கடலோரப் பேரூராட்சிகளுக்கு இது இன்னும் முக்கியம். ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான பருவத்தில் கரையேறி முட்டையிடும் பங்குனி ஆமைகளின் குஞ்சுகள், கடலை விட்டுவிட்டு வெளிச்சம் தெரியும் கரைப்பக்கம் ஊர்ந்துபோய் மடிகின்றன. கடற்கரையைப் பார்த்த விளக்குகளுக்கு மறைப்புத் தட்டும், அம்மாதங்களில் தனியாக அணைக்கும் வசதியும் மதிப்பீட்டிலேயே சேர்க்கப்பட வேண்டும்.

ஐந்தாம் படி: ஒப்பந்தப்புள்ளியில் தவறவிடக் கூடாதவை

தமிழ்நாட்டில் இந்தக் கொள்முதல் 1998ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டத்துக்கு உட்பட்டது. தொழில்நுட்ப உறை, விலை உறை என இரட்டை உறை முறையைப் பின்பற்றினால்தான் தரமற்ற விளக்கு குறைந்த விலையின் பலத்தில் நுழைவதைத் தடுக்க முடியும்.

லூமன் என்று கேட்கும்போது, எல்இடி சிப் தரும் லூமனா, கண்ணாடி கடந்து வெளியே வரும் முழு விளக்கின் லூமனா என்பதைத் தெளிவாக எழுத வேண்டும். இரண்டுக்கும் கணிசமான வேறுபாடு உண்டு. விளம்பரத் தாளில் அச்சிடப்படுவது பல வேளைகளில் முதலாவது. முழு விளக்கின் ஒளியளவுச் சோதனை அறிக்கையை எல்.எம். 79 அல்லது ஐ.எஸ். 16106 முறைப்படியும், சிப்பின் ஆயுள் சோதனையை எல்.எம். 80 அல்லது ஐ.எஸ். 16105 முறைப்படியும், தேசிய அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்திலிருந்து கேட்க வேண்டும். "50,000 மணி நேரம்" என்று சொல்லப்படும் ஆயுள், ஒளி 70 விழுக்காட்டுக்குச் சரியும்வரை உள்ள காலம். ஆண்டுக்கு 4,200 மணி என்றால் அது ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டு. எனினும் சிப் பன்னிரண்டு ஆண்டு வாழ்ந்தாலும், அதற்கு மின்சாரம் ஊட்டும் டிரைவர் அவ்வளவு காலம் வாழ்வதில்லை.

நம் ஊர்களில் எல்இடி விளக்கைக் கொல்வது பெரும்பாலும் டிரைவர் பழுதுதான். காற்றடித்து நியூட்ரல் கம்பி அறுந்தால், 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 400 வோல்ட்டை நெருங்கிய மின்னழுத்தம் பாய்ந்து, ஒரு டிரான்ஸ்பார்மருக்கு உட்பட்ட தெருவிளக்குகள் ஒரே இரவில் வரிசையாகச் செத்துவிடும். ஆகவே 140 முதல் 270 வோல்ட் வரை இயங்குவதோடு, 440 வோல்ட் வந்தால் தன்னைத் தானே துண்டித்துக்கொண்டு பிழைக்கும் டிரைவர், குறைந்தது 10 கிலோவோல்ட் மின்னெழுச்சியை (திடீரெனப் பாயும் உயர் மின்னழுத்தத்தை) தாங்கும் தனிப் பாதுகாப்புக் கருவி, 0.95க்குக் குறையாத திறன் காரணி (பவர் ஃபாக்டர்), தூசியும் மழையும் புகாத ஐபி 66 கூடு ஆகியவை நிபந்தனையாக வேண்டும். எர்த் இல்லாத பெட்டியில் மின்னெழுச்சிப் பாதுகாப்புக் கருவி முழுப் பலன் தராது என்பதால், ஸ்விட்ச் பெட்டிகளுக்கு எர்த் போடும் செலவையும் இதே மதிப்பீட்டில் சேர்க்கலாம். டிரைவரை மட்டும் தனியே கழற்றி மாற்ற முடிய வேண்டும் என்ற ஒரு வரியையும் எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால், சில நூறு ரூபாய்ப் பாகம் பழுதானதற்காக முழு விளக்கையே தூக்கி எறிய நேரும்.

பழைய சோடியம் கூட்டுக்குள் எல்இடி பல்பைத் திருகிவிடும் மலிவு யோசனை வந்தால் ஒதுக்குவது நல்லது. அந்தக் கூட்டுக்குள் வெப்பம் வெளியேற வழியில்லை, ஒளியும் சாலைக்கு ஏற்பத் திரும்பாது.

ஆறாம் படி: பணம்

சொந்த நிதியிலோ அரசுத் திட்ட நிதியிலோ வாங்குவது ஒரு வழி. நிறுவனம் முதலீடு செய்து, சேமிப்பிலிருந்து ஆண்டுத் தவணையாகத் திரும்பப் பெறுவது இன்னொன்று. இரண்டாம் வழியில் தவணை தவறினால் பராமரிப்பு நின்றுவிடும் என்பதைப் பல மாநிலங்களின் நகராட்சிகள் நிலுவை வைத்து அனுபவித்திருக்கின்றன. சேமிப்புத் தொகைக்கென்று தனி வங்கிக் கணக்கு தொடங்க முடியாத பேரூராட்சி, அந்த வழியில் இறங்காமல் வார்டு வார்டாகச் சொந்தப் பணத்தில் மாற்றிக்கொள்வதே மேல்.

ஏழாம் படி: பொருத்துதல்

விளக்குகள் வந்து இறங்கியதும், ஒப்பந்ததாரர் எடுத்துக் கொடுப்பதை வாங்காமல், பொறியாளரே பெட்டிகளிலிருந்து தாம் விரும்பிய சிலவற்றை எடுத்து முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். அறிக்கை வரும்வரை பணம் கொடுக்கக் கூடாது. மின்வாரியக் கம்பத்தில் ஏறும் ஒவ்வொரு நாளும் மின்வாரியத்திடம் எல்.சி. (லைனை அணைத்து வேலை செய்வதற்கான அனுமதி) வாங்கி, லைன் அணைக்கப்பட்டதை உறுதி செய்த பிறகே வேலை தொடங்க வேண்டும். ஒப்பந்தக் கூலியாட்கள் அவசரத்தில் இதைத் தவிர்ப்பதால் உயிர்ப்பலிகள் நேர்கின்றன. முதலில் ஒரே ஒரு தெருவில் பொருத்தி, லக்ஸ் அளந்து, குடியிருப்போர் கருத்தையும் கேட்டுச் சாய்வுக் கோணத்தைச் சரிசெய்த பின்பு மற்ற தெருக்களுக்குப் போவது நல்லது. விளக்கின் வரிசை எண்ணையும் கம்ப எண்ணையும் சேர்த்து எழுதியே அளவுப் புத்தகத்தில் பதிய வேண்டும்.

கழற்றிய பொருள்களை இருப்புப் பதிவேட்டில் ஏற்றாமல் விட்டால் தணிக்கையில் கட்டாயம் மாட்டும். சோக்கில் உள்ள செம்புக்கு ஏலத்தில் நல்ல விலை உண்டு. டியூப்லைட்டிலும் சோடியம் விளக்கிலும் பாதரசம் இருப்பதால் அவற்றைக் குப்பைக் கிடங்கில் உடைக்காமல், பதிவு பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் ஒப்படைக்க வேண்டும்.

எட்டாம் படி: எப்போது எரிவது, எப்போது மங்குவது

சென்னையில் சூரியன் மறையும் நேரம் நவம்பர் இறுதியில் ஏறத்தாழ 5.40, ஜூலையில் 6.40. ஆண்டு முழுவதும் மாலை ஆறுக்கே விளக்கு போடும் சாதாரண டைமர், ஜூலையில் பட்டப்பகலிலும் நவம்பரில் இருட்டிய பிறகும் ஏற்றும். நாளுக்கு அரை மணி நேரம் வீணானாலும் நமது 38 கிலோவாட் ஊரில் ஆண்டுக்கு 6,900 யூனிட் போகிறது. ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கொண்டு சூரிய நேரத்தைத் தானே கணக்கிடும் வானியல் டைமர் இதற்குப் போதும். அலைபேசி வலையமைப்பு வழியாக ஒவ்வொரு பெட்டியின் மின்னோட்டத்தையும் பழுதையும் அலுவலகத்தில் காட்டும் சிசிஎம்எஸ் என்னும் மையக் கண்காணிப்பு அமைப்பு இன்னும் மேலானது. ஆனால் அதன் சிம் கட்டணத்தையும் பராமரிப்பையும் ஒப்பந்தத்தில் சேர்க்காத ஊர்களில் இரண்டாம் ஆண்டிலேயே திரை இருண்டுவிடும். நள்ளிரவுக்குப் பின் ஒளியைப் பாதியாகக் குறைக்கும் வசதியை உட்தெருக்களில் பயன்படுத்தலாம். பேருந்து நிலையம், மருத்துவமனை, ஆலை வேன் வந்து இரவுப் பணிப் பெண்களை இறக்கிவிடும் முனை ஆகிய இடங்களில் அதைச் செய்யக் கூடாது.

ஒன்பதாம் படி: ஐந்தாண்டு உத்தரவாதத்தைக் காகிதத்திலிருந்து கம்பத்துக்குக் கொண்டுவருதல்

புகார் பதிவான 48 மணி நேரத்துக்குள் விளக்கு எரிய வேண்டும், தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் அபராதம், எந்த இரவிலும் 97 விழுக்காடு விளக்குகளாவது எரிய வேண்டும் என்ற நிபந்தனைகளை எழுதுவது எளிது. அவற்றைச் செயல்படுத்தத் தேவையானது புகார்ப் பதிவேடு. கம்பத்தில் எழுதிய எண்ணைச் சொல்லி மக்கள் தொலைபேசியில் புகார் தரும் வகையில் ஏற்பாடு இருந்தால், "மாரியம்மன் கோயில் பக்கத்து விளக்கு" என்று வயர்மேன் தேடி அலைய வேண்டியதில்லை. ஒரே வரிசை எண் தொகுதியைச் சேர்ந்த டிரைவர்கள் அடுத்தடுத்துப் பழுதானால் அந்தத் தொகுதி முழுவதையும் மாற்றித் தரக் கோரும் உரிமை இந்தப் பதிவேட்டிலிருந்துதான் பிறக்கிறது. ஒப்பந்ததாரருக்குத் தர வேண்டிய பணத்தில் உத்தரவாதத்துக்காகப் பிடித்தம் வைத்திருக்கும் தொகையை ஆண்டுக்கு ஒரு பங்காக, அவ்வாண்டின் எரியும் விழுக்காட்டைச் சரிபார்த்த பிறகே விடுவிக்க வேண்டும். உத்தரவாதம் முடிவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்பு, தொடக்கத்தில் லக்ஸ் அளந்த அதே கம்பங்களுக்கு இடையே மீண்டும் அளந்து, ஒப்பந்தத்தில் குறித்த அளவுக்குக் கீழே சரிந்த விளக்குகளின் எண்களைப் பட்டியலிட்டு, மாற்றித் தரக் கோரும் கடிதத்தைச் செயல் அலுவலரின் கையொப்பத்தோடு ஒப்பந்ததாரருக்குப் பதிவு அஞ்சலில் அனுப்பிவிட வேண்டும்.